துரட்டிகுளத்து வெள்ளைக் கரடிகள்

பங்குனி வெயில் மண்டையைப் பொளந்துகொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் துரட்டிகுளம் கண்மாய் உறைந்துபோனபோது, வேலுத்தாய் படித்துறையில் சேலை அலசிக்கொண்டிருந்தாள். இழுத்தாள், வரவில்லை, இன்னொரு தரம் இழுத்தாள், முந்தானை தண்ணீரோடு தண்ணீராக இறுகிக் கிடந்தது, குனிந்து தட்டிப் பார்த்தாள், சிமெண்டுத் தரை மாதிரி ணங்கென்றது. நல்லவேளை, கலியாணச் சேலை இல்லை, போன தீபாவளிக்கு எடுத்ததுதான் என்று மனசைத் தேற்றிக்கொண்டு, கரைமேல் போய்க்கொண்டிருந்த புருஷன் கடற்கரையைக் கூப்பிட்டு, "ஏங்க, வீட்ல போயி அருவாள எடுத்துட்டு வாங்க, கண்மா சேலயப் பிடிச்சிருச்சு" என்றாள். அவன் வந்து ஒரு சாண் துணியை ஐஸுக்கே விட்டுக்கொடுத்துவிட்டு மீதியை அறுத்துக் கொடுத்தான்.

மாசிக் கடைசியில் காலந்தப்பிப் பெய்த மழையில் நிறைந்த கண்மாய் அது. கரிசல்காட்டில் பங்குனியில் தண்ணீர் கிடப்பதே அதிசயம். அது உறைந்ததும் சேர்ந்துகொள்ள, இரண்டுக்கும் தனித்தனியாக எதற்கு என்று ஊர் ஒரே நாளில் வாயைப் பிளந்து முடித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனது. மறுநாள் டீக்கடைக்காரர் உளியோடு போய் ஒரு கட்டி பெயர்த்து வந்து சர்பத் போட்டார். எருமைகள் நக்கிப் பார்த்துவிட்டுப் பழகிக்கொண்டன. மேலத்தெருவில் ஒருவர் இறந்து, துபாயிலிருந்து மகன் வர மூன்று நாளாகும் என்றபோது, டவுனிலிருந்து ஐஸ்பெட்டி வரவழைக்காமல் பாயோடு தூக்கிக்கொண்டுபோய்க் கண்மாய் நடுவில் கிடத்தி, மேலே சாமியானா போட்டு, பெண்கள் கம்பளி போர்த்திக்கொண்டு சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள்; தலைக்கு மேல் வெயில் கொதிக்க, கன்னத்தில் கண்ணீர் உறைந்து, துடைக்கும்போது கல்லுப்பு மாதிரி உதிர்ந்தது. வெட்டின கட்டியை ஊர் எல்லைக்கல்லைத் தாண்டிக் கொண்டுபோனால் மட்டும் அது சட்டென்று பச்சைத்தண்ணியாகிக் காலை நனைத்தது. ஆகவே விற்க வழியில்லை. வெயிலுக்கும் அது அசைந்துகொடுக்கவில்லை.

ஐஸ் எல்லையைத் தாண்டாவிட்டால் என்ன, ஆட்கள் எல்லையைத் தாண்டி வந்தார்கள். வடக்கே எங்கேயோ தலைமை ஆபீஸ் வைத்திருந்த ஒரு கம்பெனி, ஆறு ஊர் ஆறு அணி என்று ஐஸ் ஹாக்கிப் போட்டி நடத்த ஏற்பாடு பண்ணிக்கொண்டிருந்தது. மற்ற ஐந்து ஊரிலும் ஐஸை மிஷின் வைத்துச் செய்யவேண்டும், இங்கே சும்மா கிடக்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதுவும் கோவில்பட்டிப் பக்கத்து ஊர். இந்தப் பக்கத்துப் பையன்களுக்குப் பால்பல் விழுமுன்னே கையில் ஹாக்கி மட்டை வந்துவிடும். ஒரு வெள்ளை வேன் வந்தது. நாற்பது பேரைக் காலில் கத்தி வைத்த பூட்ஸை மாட்டி ஐஸில் இறக்கினார்கள். முப்பத்திநாலு பேர் விழுந்தார்கள், ஆறு பேர் நின்றார்கள். ஐஸ் ஹாக்கிக்கு ஒரு பக்கத்துக்கு ஆறு பேர்தான் என்பதால் அந்த ஆறு பேருக்கும் மாதச் சம்பளம் என்று கையெழுத்து வாங்கினார்கள். தீப்பெட்டி ஆபீஸ் வேனை ஓட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை ஊர் அணிக்குக் கோல்கீப்பராக நின்றுகொண்டிருந்த கடற்கரை ஒன்றாம் நம்பர் பனியன் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். பனியனில் கரடிப் படம். அச்சடித்தவன் கரடியைப் பார்த்ததில்லை போல, அது வெள்ளைப் பன்றி மாதிரி இருந்தது.

"வெள்ளைக் கரடிகளாம் புள்ள எங்க பேரு" என்றான்.

"ஒங்க நெறத்துக்குப் பொருத்தமாத்தான் வச்சிருக்கான்" என்றாள் வேலுத்தாய். மூன்று வயசு மகள் தன்ஷிகா அந்தப் பனியனுக்குள் புகுந்து வெளியே வரமாட்டேனென்று அடம்பிடித்தாள்.

சொல்லிக்கொடுக்க வந்தவன் நோர்பு. லடாக்கில் பிறந்தவன், இருபத்தெட்டு வயசு, சின்னக் கண், சிரித்தால் அதுவும் காணாமல் போய்விடும். வேலுத்தாய் வீட்டுக்கு அடுத்த அறையில் தங்கிக்கொண்டு, அவள் கையால் சாப்பிட்டு, பையன்களிடமிருந்து தமிழைப் பொறுக்கிக்கொண்டான்; அவர்கள் 'மதினி' என்றால் அவனும் 'மதினி' என்றான். வந்த அன்றைக்கு அவன் கண்மாய்க்குள் நடுவரைக்கும் நடந்துபோய், குப்புறப் படுத்து, காதை ஐஸில் வைத்து ரொம்ப நேரம் கேட்டான். எழுந்து வந்தவன் முகம் நன்றாக இல்லை.

"என்ன தம்பி, அடியில மீன் பேசுதா?"

"எங்க ஊர் ஐஸ் சத்தம் போடும் மதினி. பகல் முழுக்க முனங்கும், வெடிக்கும். ஐஸ்னா அப்படித்தான். இது சத்தமே போடல. மூச்சப் பிடிச்சுக்கிட்டு இருக்கு."

"வந்தவுக முன்னால மரியாதையா இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் அவனுக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.

முதல் ஆட்டம் சித்திரை இரண்டாம் தேதி. வெளியூர் அணி பஸ்ஸில் வந்து இறங்கியது. கண்மாய்க்கரை முழுக்க ஜனம், மேலே குடை, கீழே சாக்கு, அளவெடுத்து அடித்த மரத்தடுப்புக்குள் பன்னிரண்டு பேர் கத்திக்காலோடு சுற்றிச்சுற்றி வர, கறுப்பு வட்டு ஒன்று கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. வட்டு எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை, ஆனால் கடற்கரை எங்கே பாய்கிறானோ அங்கேதான் அது இருக்கும் என்று ஊர் கண்டுபிடித்து அவனையே பார்த்துக் கத்தியது. ஒரு கோல் வித்தியாசத்தில் வெள்ளைக் கரடிகள் ஜெயித்தார்கள். அடித்தவன் இசக்கிமுத்து. அடித்த வேகத்தில் குப்புற விழுந்து முகத்தால் ஐஸைத் தேய்த்துக்கொண்டு போய் நின்றான், எழுந்தான், சிரித்தான், தோளில் தூக்கிவைத்து ஊரைச் சுற்றினார்கள்.

மறுநாள் அவன் முடிவெட்டப் போனான். கோபாலு துணியைப் போர்த்தி, கத்தரியை எடுத்து, எதிரே கண்ணாடியைப் பார்த்தான். கண்ணாடியில் துணி இருந்தது. துணிக்கு மேலே ஒன்றுமில்லாமல் பின்சுவர்க் காலண்டர் தெரிந்தது.

"ஏ இசக்கி, கண்ணாடியில நீ இல்லப்பா" என்றான் கோபாலு.

"எங்க போனேன்?"

"அது எனக்கெப்படித் தெரியும். எம் பக்கம் திரும்பி உக்காரு, நேராப் பாத்தே வெட்டிவிடுறேன்."

எங்கே போனான் என்பதை அன்றைக்குச் சாயங்காலமே ஆடு மேய்த்து வந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். கண்மாய் ஐஸுக்கு ஒரு முழத்துக்குக் கீழே இசக்கியின் முகம் இருந்தது. கண் திறந்திருந்தது. கெண்டை மாதிரி மெல்ல நகர்ந்துகொண்டு, மேலே நடந்துபோகிறவர்களை ஒவ்வொருத்தராகப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவன் தாய் சொர்ணம் போய்ப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கான்" என்றாள். அன்றிலிருந்து காலையில் மகனுக்கு வீட்டில் ஒரு டம்ளர் டீ, கண்மாயில் ஒரு டம்ளர் டீ என்று வைத்துவிட்டு வந்தாள். கண்மாயில் வைத்தது ஆவி பறக்கப் பறக்க உறைந்துபோகும். மறுநாள் டம்ளரோடு பெயர்த்துக்கொண்டு வருவாள்.

ஆட்டத்துக்கு ஒரு வெற்றி, வெற்றிக்கு ஒரு முகம் என்று கணக்கு அதுவாகவே அமைந்துவிட்டது. இரண்டாம் ஆட்டம், மூன்றாம் ஆட்டம், நான்காம் ஆட்டம்; வெளியூர்க்காரர்கள் எத்தனை தரம் விழுந்து புரண்டாலும் அவர்கள் முகத்தை ஐஸ் தொடவில்லை, முழுசாகக் கொண்டுபோனார்கள். நம்ம கண்மாய்த் தண்ணி குடிச்ச மூஞ்சியத்தான் அது கேக்கு என்று பேசிக்கொண்டார்கள்; அப்படிப் பேசியதில் ஊருக்கு ஒரு பெருமைகூட இருந்தது. கலெக்டர் ஆபீஸுக்கு மனுக்கொடுக்கலாமா என்று கேட்டதற்கு ஊர்த்தலைவர், "மனுவுல போட்டோ ஒட்டணுமே, போட்டோவுல சட்ட மட்டுந்தான விழுது" என்றார், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. கண்ணாடியில் தெரியாத புருஷன்மாருக்குப் பெண்டாட்டிமாரே சவரம் பண்ணப் பழகினார்கள். சீசன் முடிஞ்சா தன்னால வந்துரும் என்றார்கள். மூஞ்சிதான, காலா கையா என்றார்கள். தோற்றுத் தோற்றே பேரெடுத்த ஊர் அடுத்தடுத்து நாலு ஆட்டம் ஜெயித்திருக்கிறது, நடுவில் நிறுத்த யாருக்கு மனசு வரும்?

ஐந்தாவது ஆட்டத்தில், மணி அடிக்க இரண்டு நொடி இருக்கும்போது வந்த வட்டைக் கடற்கரை பாய்ந்து நெஞ்சால் மறித்து, முகம் குப்புற விழுந்தான். ஊர் எழுந்து நின்று கத்தியது. வேலுத்தாய் மட்டும் கத்தவில்லை. அவன் எழுந்திருக்கும்போது ஐஸுக்கும் அவனுக்கும் நடுவில் ஏதோ ஒன்று பசை மாதிரி நீண்டு, மெலிந்து, அறுந்ததை அவள் பார்த்தாள்.

முதல் நாலு நாள் அவளுக்கும் விளையாட்டாகத்தான் இருந்தது. அவனை வாசலில் உட்காரவைத்து, தாடையைத் தூக்கிப் பிடித்து, "ஆடாதீங்க, மீசைய எடுத்துருவேன்" என்று மிரட்டிக்கொண்டே சவரம் பண்ணினாள். ஐந்தாம் நாள் தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தவள், சட்டத்தில் குச்சியைச் சொருகின கை அப்படியே நிற்க, வீட்டுக்காரன் முகத்தை நினைத்துப் பார்த்தாள். வரவில்லை. குரல் வந்தது, முதுகு வந்தது, வலது கைப் பெருவிரலில் நகம் பெயர்ந்த வடு வந்தது. முகம் இருக்கிற இடத்தில் ஒரு வெளிச்சம்தான் வந்தது. சாயங்காலம் வீட்டுக்கு ஓடினாள். நேரில் பார்த்தால் மூக்கு இருந்தது, முழி இருந்தது, எல்லாம் இருந்தது. ஆனால் தலையைத் திருப்பினவுடனே நினைவிலிருந்து அது வழுக்கிக்கொண்டு போய்விட்டது. இசக்கி வீட்டு நாய் இசக்கியைப் பார்த்துக் குரைக்கத் தொடங்கி ஒரு வாரமாகிறது என்பதும், சொர்ணம் சொந்த மகனை வாசலில் நிறுத்தி, "யாருய்யா வேணும்?" என்று கேட்டாள் என்பதும் அப்போதுதான் அவள் காதுக்கு வந்தது.

இதற்கும் ஊர் ஒரு வழி கண்டுபிடித்தது. பனியன். ஐந்து பேரும் நம்பர் போட்ட பனியனைக் கழற்றுவதே இல்லை. கோயிலுக்கும் அதுதான், கலியாண வீட்டுக்கும் அதுதான். "ஏ நாலாம் நம்பரு, ஒன் வீட்ல ஒன்னயத் தேடுறாக" என்று கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். வேலுத்தாய் பனியனை ஊறப்போட்ட அன்றைக்கு மட்டும் கடற்கரை வெறும் சட்டையோடு வீட்டுக்குள் வந்தான். தன்ஷிகா வீறிட்டு அலறி அடுப்படிக்குள் ஓடி ஒளிந்தாள். ஈரப் பனியனையே பிழிந்து மாட்டிக்கொண்டு அவன் திரும்ப வந்து நின்றான். பிள்ளை எட்டிப் பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மரியாதையாக, "வாங்க ஒண்ணாம் நம்பர் மாமா" என்றது.

ஈரம் சொட்டச் சொட்ட நின்றான் கடற்கரை. வேலுத்தாய் அன்றைக்குத்தான் சிரிப்பை விட்டாள்.

ஆறாவது ஆட்டத்தன்றைக்கு, முகம் மிச்சமிருந்த ஒரே ஆளான மாடசாமி விடியுமுன்னே மாமியார் ஊருக்குப் பஸ் ஏறிவிட்டான். ஆறு பேர் இல்லையென்றால் ஆட்டம் கிடையாது, ஆட்டம் இல்லையென்றால் அணியையே எடுத்துவிடுவார்கள், எடுத்துவிட்டால் ஆட்டத்துக்காகத் தங்கின ஐஸும் போய்விடும், ஐஸோடு முகமும் போய்விடும் என்று ஐந்து பனியன்களும் கரையில் உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டன. நோர்பு தன் அறைக்குள் போய், ஏழாம் நம்பர் போட்ட பனியனோடு வெளியே வந்தான்.

"தம்பி, வேண்டாம்யா" என்றாள் வேலுத்தாய். "ஒங்க ஆத்தா என்னயத்தான் கேக்கும்."

"நான் இந்த ஊர் ஆள் இல்லயே மதினி. என்னய அது தொடாது."

அவன் பறவை மாதிரி ஆடினான். அப்படியொரு ஆட்டத்தை அந்தக் கண்மாய் பார்த்ததில்லை. மூன்று கோலும் அவன் அடித்ததுதான். யாரும் கை தட்டவில்லை. வெயிலில் ஐந்து பேர் முகம் பிடிபடாமல் வழுக்கிக்கொண்டிருக்க, கண்ணுக்கு நின்ற ஒரே முகம் அவனுடையது, எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அவன் சறுக்கி முழங்காலில் விழுந்து, ஒரு கையை ஊன்றி, ஒரே ஒரு நொடி கீழே குனிந்தான். அந்த ஒரு நொடி போதும். எழுந்தபோது அவனும் வழுக்கினான். ஒன்றரை மாசமாக அவனும் நம்ம தண்ணியைத்தான் குடித்துக்கொண்டிருக்கிறான் என்பது கண்மாய்க்குத் தெரிந்திருந்தது.

மறுவாரம் கம்பெனியிலிருந்து போனில் ஒரு வரி வந்தது. வேறு மூன்று ஊரில் அணி கலைந்துவிட்டதால் போட்டி நிறுத்தப்படுகிறது, ஒத்துழைப்புக்கு நன்றி. வெள்ளை வேன் வந்து மரத்தடுப்பைப் பிரித்து ஏற்றிக்கொண்டு போனது. ஐம்பத்தொரு நாள் இருந்த வெள்ளைக் கரடிகள் அணி அத்தோடு இல்லை. தடுப்பின் கடைசிப் பலகை வேனில் ஏறின நேரத்தில் கண்மாய்க்குள்ளிருந்து முதல்முதலாக ஒரு முனகல் வந்தது. நீண்டு, கரைக்குக் கரை ஓடி, மடைக்கிட்ட போய் வெடித்தது.

நோர்பு காதைக் கொடுத்துக் கேட்டான். "மூச்ச விட்டுருச்சு மதினி. இனி மூணு நாள். அப்புறம் வெறும் தண்ணிதான்."

வெறும் தண்ணீராக அங்கேயே நின்றால் பிரச்சினை இல்லை. ஆனால் ஐஸ் கனத்தில் மடைக்கல் விரிசல் விட்டிருந்தது. தண்ணீர் கீழ்க்காட்டு வாய்க்காலில் ஓடிக்கொண்டேயிருக்கும், இடுப்பளவு முழங்காலளவாகும், முழங்காலளவு சேறாகும், போகிற தண்ணீரோடு ஆறு முகமும் போய்விடும். அதற்கப்புறம் பனியன் கிழிந்தால் யார் யாரென்று யாருக்குத் தெரியும்? தலைவர் வீட்டு முன்னால் கூட்டம் போட்டார்கள். மடையைச் சிமெண்டு வைத்து அடைக்கலாம் என்றான் ஒருத்தன், ஓடுகிற தண்ணியில் சிமெண்டு எங்கே நிற்கும் என்றான் இன்னொருத்தன். வலை போடலாம் என்றால், வலையில் முகம் கிழிந்துவிட்டால் என்ன பண்ண?

தன்ஷிகாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலுத்தாய் முன்னால் வந்தாள். "எதுக்கு இம்புட்டுப் பேச்சு? தண்ணி வத்தும்போது மீன் கெடந்தா என்ன செய்வோம்? கண்மாய அழிய விட வேண்டியதுதான? ஊத்தா வச்சுப் பிடிப்போம்."

தண்ணீர் வற்றுகிற காலத்தில் கண்மாயை ஊருக்கே திறந்துவிடுவார்கள். அதற்குப் பேர் அழிகண்மாய். ஊர்த்தலைவர் கரையில் நின்று வெள்ளைத்துண்டை வீசினால் எல்லாரும் இறங்கலாம், யார் கையில் எது சிக்குகிறதோ அது அவர்களுக்கு. ஊத்தா என்பது அடிப்பக்கம் அகன்று மேலே வாய் குறுகின மூங்கில் கூடை. சேற்றுத் தண்ணியில் மீன் இருக்கிற இடம் பார்த்து மேலிருந்து கவிழ்த்து அமுக்கவேண்டும், மேல்வாய் வழியே கையை விட்டுத் துழாவி எடுக்கவேண்டும். கையில் எடுக்கும்வரை ஊத்தாவைத் தூக்கக் கூடாது. தூக்கினால் போச்சு.

நான்காம் நாள் காலை. கண்மாய் முழங்கால் தண்ணியாகக் கலங்கிக் கிடந்தது. கரையில் வரிசையாக ஊத்தாவும் பானையுமாகப் பெண்கள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு, ஒருத்தரையொருத்தர் கேலி பேசிக்கொண்டுதான் நின்றார்கள். "யக்கா, ஒம் புருஷன் மூஞ்சி சிக்குனா திரும்ப விட்டுறாத, வேற நல்லதாப் பாத்துப் பிடி." முகத்தைத் தொலைத்தவர்கள் தண்ணியில் இறங்கக் கூடாது, மிச்சமிருப்பதும் போய்விடும் என்று தலைவர் தடுத்துவிட்டதால், ஆறு பனியன்களும் கரையில் உட்கார்ந்திருந்தன. கடைசியில் உட்கார்ந்திருந்த ஏழாம் நம்பர், வேலுத்தாயைக் கூப்பிட்டது.

"மதினி. எனக்கு யாரு எறங்குறது?"

அவள் யோசிக்கவே இல்லை. "நான் எதுக்கு இருக்கேன்? ஒங்க அண்ணன எடுத்துப் பானையில விட்டுட்டு மறு எட்டு ஒங்களயும் எடுத்துத் தாரேன். பயப்படாம இருங்க."

துண்டு பறந்தது. பெண்கள் கண்மாய்க்குள் பாய்ந்தார்கள். ஊத்தாக்கள் விழுந்து எழுந்து விழுந்தன; சொர்ணம்தான் முதல் ஆள், "சிக்கிட்டான், எம் மவன் சிக்கிட்டான்!" என்று கத்திக்கொண்டு இரண்டு கையையும் குவித்துத் தூக்கினாள், கைக்குள் தண்ணியும் தண்ணிக்குள் இசக்கியும் இருந்தார்கள். மூன்றாம் நம்பர் வீட்டுக்காரியும் நான்காம் நம்பர் வீட்டுக்காரியும் மாற்றிப் பிடித்துவிட்டு, தண்ணியில் நின்றபடியே சண்டை போட்டு, கைமாற்றிக்கொண்டார்கள். வேலுத்தாய் யார் பக்கமும் பார்க்காமல் மடையைப் பார்த்துப் போனாள். போகிற தண்ணி அங்கேதானே போகும். கலங்கலில் ஒரு வெளுப்பு நகர்ந்தது. கவிழ்த்தாள். அமுக்கினாள். கையை விட்டாள்.

சில்லென்று ஒரு நெற்றி. மூக்கு. இமை விரலுக்குக் கீழே துடித்தது. கன்னத்தெலும்பு மேடாக இருந்தது, அவள் சவரம் பண்ணின கன்னம் இல்லை அது. குனிந்து ஊத்தாவின் வாய் வழியே பார்த்தாள். சின்னக் கண் இரண்டும் திறந்து அவளைப் பார்த்தன.

சரி, முதலில் இவன் என்று அவள் இரண்டாவது கையையும் உள்ளே விட்டபோதுதான், அவள் முழங்காலை உரசிக்கொண்டு இன்னொன்று போனது. மல்லாந்து, மெல்ல, தூங்குகிற மாதிரி, மடையைப் பார்த்து. பத்து நாளாக அவள் நினைத்து நினைத்தும் வராத முகம். மடைக்கும் அதற்கும் நடுவில் நாலு எட்டு. உள்ளே இருப்பதைக் குவித்து எடுக்க எவ்வளவு நேரமாகும் என்று அவளுக்குத் தெரியும், கரையில் நின்ற பானைவரை போய்வர எவ்வளவு நேரமாகும் என்றும் தெரியும். கரையில் தன்ஷிகா யார் இடுப்பிலோ உட்கார்ந்துகொண்டு, "ஒண்ணாம் நம்பர் மாமா, அந்தா எங்கம்மா" என்று காட்டிக்கொண்டிருந்தாள்.

வேலுத்தாய் ஊத்தாவைத் தூக்கினாள்.

தூக்கி, நாலு எட்டை இரண்டாகப் பாய்ந்து, மடை வாயில் கவிழ்த்து, மார்பு நனைய விழுந்து அமுக்கினாள். பக்கத்தில் ஒரு வெளுப்பு சுழன்று, விரிசலுக்குள் மடங்கி, போய்விட்டது. அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. குவித்த கையில் தண்ணீர் சிந்தாமல் கரைக்கு வந்து, பானையில் விட்டு, "கழுவுங்க" என்றாள். கடற்கரை பானைக்குள் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு இரண்டு கையாலும் அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டான்.

தன்ஷிகா அவனை உற்றுப் பார்த்தாள். "அப்பா, எங்க போயிருந்த?" என்று கேட்டு, அவன் கன்னத்தில் பளாரென்று ஒன்று வைத்தாள்.

அப்புறம்தான் வேலுத்தாய் கரையின் கடைசியைப் பார்த்தாள். நோர்பு எழுந்து நின்றுகொண்டிருந்தான். எல்லாவற்றையும் பார்த்திருந்தான். "பரவாயில்ல மதினி" என்றான். அவன் முகத்தில் என்ன இருந்தது என்பது அவளுக்கு நினைவில் இல்லை, எப்படி இருக்கும்?

இரண்டு நாள் கழித்து அவன் ஊருக்குக் கிளம்பினான். ஏழாம் நம்பர் பனியனைத் துவைத்து, இஸ்திரி போட்டு, இன்னொன்றும் அதே மாதிரி தைத்துக் கொடுத்தாள். ஒன்று அழுக்கானால் மாற்றிக்கொள்ள வேண்டுமே. வேறென்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

வாய்க்காலில் போன தண்ணி காட்டுக்குப் பாய்ந்தது, காட்டிலிருந்து கிணற்றுக்கு ஊறியது. ஆடி பிறக்குமுன்னே ஊர்க் கிணற்றில் நோர்புவின் முகம் தெரிந்தது. பிறகு மாட்டுத்தொட்டியில். பிறகு யார் வீட்டுக் குடத்தில் என்று இல்லாமல், எந்தக் குடம் அசையாமல் நிற்கிறதோ அந்தக் குடத்தில். ஊர் இதற்கும் பழகியது. கிணற்றடியில் குளிக்கிற பெண்கள் முதலில் ஒரு வாளித் தண்ணியை உள்ளே ஊற்றிக் கலக்கிவிட்டு, "தம்பி, அங்கிட்டுப் பாரு" என்பார்கள். புதுசாகக் கலியாணமாகி வந்த பெண் குடத்தைப் பார்த்துக் கத்தினால், "நம்ம ஏழாம் நம்பரு, ஒண்ணுஞ் செய்யாது, மோந்து குடி" என்பார்கள். மீசை வைத்திருக்கிறான், தாடி எடுத்துவிட்டான், கொஞ்சம் மெலிந்திருக்கிறான் என்று அவனைப் பற்றித் தெருவில் பேசிக்கொள்வார்கள். அவர்கள் இங்கே பேசும் தாடி, அங்கே லடாக்கில் கண்ணாடியில் தெரியாமல் அவனே தடவித் தடவி வழித்த தாடிதான்.

வருஷத்துக்கு ஒருதரம், சித்திரையில், அவன் வீடியோவில் கூப்பிடுவான். போனில் குல்லாய் தெரியும், ஏழாம் நம்பர் தெரியும், நடுவில் அவனுக்குப் பின்னால் இருக்கிற மலை தெரியும். ஆத்தா எப்படி இருக்கு என்று இவள் கேட்பாள். பனியனைப் பாத்துச் சோறு போடுது என்பான். கடற்கரை இரண்டு வார்த்தை பேசுவான், தன்ஷிகா பள்ளிக்கூடத்தில் தான் ஹாக்கி மட்டை பிடிப்பதைச் சொல்வாள். அதற்கப்புறம் அவன் போனைக் கிட்டத்தில் கொண்டுவருவான். "காட்டுங்க மதினி" என்பான்.

அவள் போனை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய், குடத்து மேல் மூடியிருக்கிற தட்டை எடுத்து, தண்ணி அசைவு நிற்கும்வரைக்கும் காத்திருந்து, போனைக் கவிழ்த்துப் பிடிப்பாள். அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். போன வருஷம் காதோரம் நரை விழுந்திருந்தது. "நரச்சிருக்கா?" என்றான். "ரெண்டே ரெண்டுதான் தம்பி" என்றாள். நிறைய இருந்தது.

இந்த வருஷம் அவன் வழக்கத்தைவிட நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கை வலித்தது, ஆனாலும் இறக்கவில்லை.

"மதினி, எனக்கு இங்கருந்து சரியாத் தெரியல. அது யாரப் பாக்குது?"

வேலுத்தாய் குடத்துக்குள் பார்த்தாள். சின்னக் கண் இரண்டும் திறந்திருந்தன. போன் இருக்கிற பக்கம் அவை திரும்பவே இல்லை. அவள் இடது பக்கம் நகர்ந்தாள், அவையும் நகர்ந்தன. வலது பக்கம் சாய்ந்தாள், அவையும் வந்தன.

"ஒங்களத்தான் தம்பி" என்றாள். "வேற யாரப் பாக்கப் போகுது?"